கரையேற்றும் துணி

பனிக்காலம் பாதி கழிந்தும் ஷினோவின் துணி வெளுக்கவில்லை.

பாலத்துக்குக் கீழே, தேவதாரு மரத்தடியில், ஓடைக்குள்ளேயே நான்கு மூங்கில் நட்டு அந்தத் துணியை விரித்துக் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் நீளக் காம்பு வைத்த மர அகப்பை ஒன்று கிடந்தது. பாலத்தைக் கடக்கிறவர்கள் கீழே இறங்கி, ஓர் அகப்பை தண்ணீர் மொண்டு துணியின் மேல் ஊற்றி, புத்தர் பெயரைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். பிள்ளை பெறும்போது செத்துப்போகிற பெண்ணுக்கு எங்கள் மலைப்பக்கத்தில் செய்வது இதுதான். அவள் ரத்தக் குளத்தில் விழுந்து கிடக்கிறாள். துணியின் சிவப்புக் கரையக் கரைய அவள் கழுத்தளவிலிருந்து இடுப்பளவு, இடுப்பளவிலிருந்து முழங்காலளவு என்று மேலே வருகிறாள். துணி வெள்ளையானால் கரையேறிவிட்டாள் என்று அர்த்தம். அதுவரைக்கும் உள்ளேதான்.

மற்ற பெண்களெல்லாம் சீக்கிரமே கரையேறியிருக்கிறார்கள். கொல்லன் மனைவியின் துணி ஒரு மழைக்கே வெளிறிப்போயிற்று. ஊரையே வாயில் போட்டு மென்றவள் அவள். அவளுக்கே அவ்வளவு சீக்கிரம் விடுதலை கிடைத்ததில் சிலருக்கு வயிற்றெரிச்சல்கூட உண்டு. ஆனால் ஷினோவின் துணி, மரங்கள் இலை உதிர்த்த காலத்தில் கட்டியது, ஓடையின் ஓரம் உறைந்து பனி முழங்கால் உயரம் வந்த பிறகும், கட்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே சிவப்பாக நின்றது. சுற்றிலும் எல்லாம் வெள்ளையாக இருந்ததால் அது இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. தூரத்து வயலில் நிற்பவன் கண்ணுக்குக்கூடத் தப்பாது.

ஷினோவின் அம்மா தாகி தினமும் காலையில் வந்து ஊற்றினாள். முதுகில் பேத்தியைக் கட்டிக்கொண்டு, ஓரத்துப் பனிக்கட்டியை அகப்பைக் காம்பால் உடைத்து, கை மரத்துப்போகும் வரை ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் குனிந்து, துணியின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்ப்பாள். விரலில் ஒன்றும் ஒட்டாது.

அந்தத் துணியைக் கொடுத்ததே அவள்தான். அதுதான் கொடுமை.

சின்ன வயதில் தாகி கீழ்ச் சமவெளியில், குசும்பாப் பூ பயிரிடும் பண்ணையில் வேலை செய்தவள். அந்தப் பூவின் முள் வெயிலில் ஊசியாகக் குத்தும். அதனால் விடியுமுன்பே, பனி ஈரம் காயுமுன்பே, பெண்பிள்ளைகளை எழுப்பிப் பறிக்கவிடுவார்கள். பறித்த பூவெல்லாம் சாயமாகவும் உதட்டுச் சிவப்பாகவும் தலைநகரத்துச் சீமாட்டிகளுக்குப் போகும். பறித்தவர்களுக்கு விரல் நுனியில் கீறல்தான் மிச்சம். தாகி கல்யாணமாகி மலையேறியபோது எஜமானியம்மாள் என்ன நினைத்தாளோ, பல முறை தோய்த்தெடுத்த நல்ல குசும்பாச் சிவப்பில் ஒரு பருத்தித் துணி கொடுத்தனுப்பினாள். பருத்தியே அபூர்வமான ஊரில் அது ஒரு சொத்து. தாகி அதை உடுத்தவேயில்லை. பெட்டியில் வைத்திருந்து மகள் ஷினோவின் கல்யாணத்தன்று அவளுக்கு உள்ளாடையாகக் கட்டிவிட்டாள்.

ஷினோ செத்த மறுநாள், அவள் மாமியார் கூரா கடைத்தெருவில் வாங்கிய ஒரு மட்டமான சிவப்புத் துணியோடு வந்தாள். இந்தச் சடங்குக்கென்றே விற்கிற துணி அது. ஈரக்கையால் தொட்டாலே கையெல்லாம் சிவக்கும்.

"இந்தக் கந்தலையா எம்பொண்ணுக்குக் கட்டப்போறீங்க?" என்றாள் தாகி.

"எல்லாருக்கும் இதத்தான் கட்டுறோம், சம்பந்தியம்மா. கல்யாணமா பண்றோம்? தண்ணியில போறதுக்கு இது போதாதா?"

"போதாது. உசிரோட இருந்தப்பதான் உங்க வீட்ல நல்லதா ஒண்ணு உடுத்தல. இதுக்காச்சும் உடுத்தட்டும்."

சொல்லிவிட்டு ஓடிப்போய் ஷினோவின் பெட்டியிலிருந்து அந்தக் குசும்பாத் துணியை எடுத்து வந்தாள். கோயிலிலிருந்து வந்த ஜிகாய் சாமி அதில் மையால் ஷினோவின் பெயரை எழுதி, மந்திரம் சொல்லி, மூங்கிலில் கட்டவைத்தார். அன்றைக்குத் தாகிக்குத் துக்கத்துக்கு நடுவிலும் கொஞ்சம் பெருமைதான். இவ்வளவு நல்ல சிவப்பு இந்த ஓடையில் எப்போதும் கட்டப்பட்டதில்லை. நல்ல சிவப்பு என்றால் தண்ணீருக்கு மசியாத சிவப்பு என்பது பூப்பறித்தவளுக்கே அந்த நேரத்தில் தோன்றவில்லை. அழுகிற தாய்க்கு எது தோன்றும்?

மூன்று நான்கு வாரம் போன பிறகுதான் உறைத்தது. வெயில் பட்டால் அந்தச் சாயம் மங்கும். ஆனால் எங்கள் ஊர்ப் பனிக்காலத்தில் வெயிலை யார் கண்டது? அதுவும் தேவதாரு மரத்தடியில்.

உறைத்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அவள் மகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள்.

கூராவின் வீட்டுக்குப் பின்னால், வைக்கோல் வேய்ந்த பிரசவக் குடிசையில், சாம்பல் பரப்பிய தரைமேல் ஷினோ கிடந்தாள். குழந்தை பிறந்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி தாகியின் முகத்தைப் பார்க்காமல் கந்தலை மாற்றிக்கொண்டே இருந்தாள். ஷினோவின் உதடு வெளுத்து, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"அம்மா, நான் அந்தக் குளத்துக்குத்தான் போவேனா?"

"சும்மா கெட."

"அங்க காவல்காரன் ரத்தத்த மொண்டு குடிக்கச் சொல்லுவானாமே. குடிக்கலன்னா இரும்புத் தடியால அடிப்பானாம். நீதானம்மா சொன்ன."

ஆமாம், தாகிதான் சொன்னாள். ஷினோ பெரியவளானபோது அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், பெண்களுக்கென்று சாமி வாசிக்கும் ஏட்டைக் கேட்கவைத்தாள். பெண்ணின் ரத்தம் மண்ணைத் தீட்டாக்குகிறது. அந்தத் துணியைத் துவைத்தால் ஆறு தீட்டாகிறது. அது தெரியாமல் யாரோ அந்த ஆற்றில் நீர் மொண்டு தேநீர் வைத்து மகான்களுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பாவத்துக்குத்தான் பெண்களாகப் பிறந்த எல்லோருக்கும் குளம். வீட்டுக்கு வந்து தாகி அதையே மறுபடி, கொஞ்சம் உப்பும் காரமும் சேர்த்துச் சொன்னாள். பிள்ளை பயந்தால்தான் ஓடையில் மேல்பக்கம் துவைக்காது என்று ஓர் எண்ணம். அவளுக்கு அவள் அம்மா அப்படித்தான் சொன்னாள்.

"பயமா இருக்கும்மா," என்றாள் ஷினோ. குழந்தையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. சாகிற பெண்ணின் மனதில் அந்தக் குளம் ஒன்றுதான் இருந்தது.

"பயப்படாத. நான் கரையேத்திடுறேன்."

"யாரும் தண்ணி ஊத்த வரலன்னா?"

"நான் ஒருத்தி போதும். உன்ன நான் கரையேத்திடுறேன்டி, என் கண்ணு."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் போனாள். போகும்போதும் கண் மிரண்டுதான் இருந்தது. தாகி இரண்டு தரம் இமையை மூடிவிட வேண்டியிருந்தது.

குழந்தை பெண். தாயைக் குளத்தில் தள்ளிவிட்டு வந்த பெண் என்று கூரா அதைத் தொடவேயில்லை. ஷினோவின் கணவன் மாசுகே நல்லவன்தான். ஆனால் அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத நல்லவன். அதனால் தாகி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு இந்தப் பக்கம் தன் வீட்டுக்கு வந்துவிட்டாள். மினே என்று அவளே பெயர் வைத்தாள். பால்? பக்கத்து வீட்டு ரியோவுக்குக் கைக்குழந்தை இருந்தது. ஷினோவோடு கூடவே வளர்ந்தவள். கேட்கும் முன்பே வந்து மினேயை மடியில் போட்டுக்கொண்டாள். "எனக்கு ரெண்டு பக்கம் இருக்கில்ல பெரியம்மா, ஒண்ணு இவளுக்கு," என்றாள்.

அந்த ரியோதான் இப்போது வாசலில் நின்றாள், உள்ளே வராமல்.

"ஏண்டி, உள்ள வாயேன். புள்ள அழுவுது பாரு."

"பெரியம்மா..." ரியோ தலையைக் குனிந்துகொண்டாள். "இனிமே வேணாம்னு அவரு சொல்லிட்டாரு."

"எது வேணாம்?"

"பால் குடுக்குறது. ஊர்ல ஒரே பேச்சா இருக்கு. துணி வெளுக்கலல்ல? ஷினோ உள்ளயே கெடக்கா. அவ ரத்தம்தான இதுவும். இதுக்குப் பால் குடுத்தா குளத்துல கெடக்கிறவ குடுக்குறவளப் புடிச்சு இழுப்பாளாம்."

"யாருடி சொன்னா? கூராவா?"

ரியோ பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. துணி வெளுக்காமல் மாசுகேவுக்கு வேறு பெண் பார்க்க முடியாது; அது ஊர்க்கட்டு. அடுத்த விதைப்புக்குள் வீட்டுக்கு ஒரு மருமகளின் கை வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்த கூரா, தவிப்பையெல்லாம் செத்தவள் தலையில் கொட்டிக்கொண்டிருந்தாள். கிணற்றடியில் அவள் பேசியது ஏற்கெனவே தாகியின் காதுக்கு வந்திருந்தது. 'எத்தன பேருக்குச் சீக்கிரம் வெளுத்துச்சு? இவளுக்கு மட்டும் ஏன் வெளுக்கல? உள்ள ஏதோ பெரிய அழுக்கு இருந்திருக்கு. எம்புள்ளைக்கு முன்னாடி எவன்கிட்டப் போனாளோ? அந்தப் புள்ள மூக்கப் பாத்தீங்களா?' என்றெல்லாம் பேசியிருந்தாள். உயிரோடு இருந்தபோது ஒரு குறையும் சொல்ல முடியாத மருமகள், தாய் கொடுத்த நல்ல துணியால் செத்த பிறகு நடத்தை கெட்டவளாகிப்போனாள்.

"ஷினோவப் பத்தி உனக்குத் தெரியாதாடி?" என்றாள் தாகி.

"தெரியும் பெரியம்மா." ரியோ அழுதுவிட்டாள். "ஆனா எனக்கும் பயமா இருக்கே. நானும் புள்ள பெத்தவதான."

அவள் மார்பில் பால் கசிந்து மேலாடை நனைந்திருந்தது. உள்ளே மினேயின் குரல் கேட்கக் கேட்க அது இன்னும் நனைந்தது. ரியோ இரண்டு கையாலும் மார்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடிப்போனாள்.

மினேவுக்கு அரிசிக் கஞ்சித் தண்ணீர் வடித்துத் துணி நுனியில் நனைத்துக் கொடுத்தாள் தாகி. அது குடிக்கும், கக்கும், அழும். சில நாளில் அழுகை சின்னதாயிற்று. முழுசாய் அழத் தெம்பு இல்லாத குழந்தையின் அழுகை எப்படி இருக்கும் என்று பஞ்சத்தில் கேட்டவள் தாகி. அந்தச் சத்தம் வந்ததும் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தாள்.

ஜிகாய் சாமி கெட்டவர் இல்லை. குழந்தையைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டுக் கணப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். தனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டவர் அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றினார்.

"சாமி, தப்பு எம்மேல," என்றாள் தாகி. "அந்தத் துணி நல்ல குசும்பாச் சாயம். தண்ணிக்குப் போகாது. பெரும தாங்காம நான்தான் அதக் கட்டச் சொன்னேன். வேற துணி மாத்திக் கட்டிடுங்க. எம்பொண்ணு மேல ஒரு பாவமும் இல்ல."

சாமி சிரித்தார். அவள்மேல் இரக்கப்பட்ட சிரிப்புத்தான்.

"தாகி, பேர் எழுதி மந்திரம் சொல்லிக் கட்டினது. உன் இஷ்டத்துக்கு மாத்துறதுக்கு அது என்ன வாசல் திரையா? சாயம்தான் போகுதுன்னு நெனச்சியா நீ? போறது பாவம். பாவம் போனா எந்தச் சாயமும் போகும். போகலன்னா அவளோடது கொஞ்சம் கனமா இருக்குன்னு அர்த்தம். ஊத்து. இன்னும் மனசு வச்சு ஊத்து."

"அதுக்குள்ள இந்தப் புள்ள செத்துரும், சாமி. யாரும் பால் குடுக்க மாட்டேங்கிறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா குடுப்பாங்க."

"நான் எதச் சொல்ல? அவ ஏறிட்டான்னு பொய் சொல்லவா?" அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்க அம்மாவும் அப்படிச் செத்தவதான், தெரியுமா? எந்தம்பியப் பெத்தப்போ. எனக்கு அப்ப வெவரம் தெரியாத வயசு. அவளக் கரையேத்தணும்னுதான் நான் மொட்டையடிச்சேன். ரொம்ப வருஷம் ஜெபம் பண்ணி ஒருநா தியானத்துல அவ ஏறுறத என் கண்ணால பாத்தேன். அதனாலதான் சொல்றேன், அந்தக் குளம் உண்மை. வெளையாட்டில்ல."

தாகி எழுந்துகொண்டாள். கையிலிருந்த தேநீரைக் குடிக்கவில்லை. கோயில் தண்ணீர் ஓடையின் கீழ்ப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. கட்டிய துணிகளின் சிவப்பெல்லாம் கரைந்து அந்த வழியாகத்தான் போகிறது. இத்தனை வருஷமாய்ப் பார்த்தும் அன்றைக்குத்தான் அது அவள் கண்ணில் பட்டது.

வழி ஒன்று இருந்தது. உறைத்த நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். தண்ணீருக்கு மசியாத குசும்பாச் சிவப்பு, வைக்கோல் சாம்பலைக் கரைத்து வடித்த தண்ணீரில் போட்டால் நிமிஷத்தில் கழன்றுவிடும். பண்ணையில் பழைய துணியிலிருந்து சாயத்தை மீட்க அப்படித்தான் செய்வார்கள். தெரிந்தும் இத்தனை நாள் செய்யாமல் இருந்தாள். சாம்பல் தண்ணீரில் துணி வெளுக்கும், மகள் ஏறுவாளா? ஊரை ஏமாற்றலாம், குளத்துக் காவல்காரனை ஏமாற்ற முடியுமா? துணியை வெளுத்துவிட்டால் அப்புறம் யாரும் தண்ணீர் ஊற்ற வரமாட்டார்கள். ஷினோ எந்த அளவில் நிற்கிறாளோ அந்த அளவிலேயே, கேட்பாரற்று, என்றென்றைக்கும் நிற்கவேண்டியதுதான்.

ஒரு பக்கம் செத்த மகள், இன்னொரு பக்கம் சாகப்போகிற பேத்தி. எந்தத் தாய்க்கும் இப்படி ஒரு தராசைக் கையில் கொடுக்கக்கூடாது.

மறுநாள் பொழுது விடிந்ததிலிருந்து பனி கொட்டிற்று. கை நீட்டினால் கை தெரியவில்லை. யாரும் வீட்டைவிட்டு வரமாட்டார்கள். முற்பகலில் தாகி பாலத்தடிக்குப் போய், உறைந்து விறைத்த முடிச்சுகளைப் பல்லால் கடித்து அவிழ்த்து, துணியை மடியில் செருகிக்கொண்டு வந்தாள். சாம்பல் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றி வைத்திருந்தாள். தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"ஷினோ," என்றாள். "உனக்குக் குடுத்த வாக்க அம்மா முறிக்கிறேன்டி. உம்புள்ளைக்காகத்தான். நான் சீக்கிரம் வந்துடுவேன். வந்து உம்பங்கையும் சேத்து நானே குடிக்கிறேன். நீ குடிக்காத. தடியால அடிச்சா எனக்குப் பின்னால நின்னுக்க."

துணியை அமிழ்த்தினாள். அதற்காகவே காத்திருந்த மாதிரி சிவப்புக் கழன்று வந்தது. மஞ்சளும் சிவப்புமாய்த் தொட்டி நிறைந்தது. கையை முழங்கை வரைக்கும் அதில் விட்டுப் பிசைந்தாள். பிரசவக் குடிசையில் கந்தல் அலசிய தொட்டி இப்படித்தான் இருந்தது. சாம்பல் காரத்தில் பனிவெடிப்புகளெல்லாம் எரிந்தன. எரியட்டும் என்று இன்னும் அழுத்திப் பிசைந்தாள். மினே மூலையில் கந்தல் மூட்டைக்குள் முனகிக்கொண்டிருந்தாள். உச்சிப்பொழுதுக்குத் துணி வெளுத்துவிட்டது. சந்தேகம் வராமல் இருக்க ஓரத்தில் மட்டும் லேசாக இளஞ்சிவப்பை விட்டுவைத்தாள். மையால் எழுதிய ஷினோவின் பெயர் மட்டும் அப்படியே கருப்பாக இருந்தது.

தொட்டியைக் கொல்லைப்புறம் கவிழ்த்தாள். வெள்ளைப் பனியில் பெரிய கறை ஒன்று பரவிற்று. அதைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொட்டுகிற பனி சீக்கிரமே மூடிவிட்டது. பொழுது சாயுமுன்பே துணி பாலத்தடியில், பழைய முடிச்சிலேயே, திரும்பக் கட்டப்பட்டுவிட்டது.

பனி விட்ட அன்று முதலில் பார்த்தவன் மாசுகே. ஊருக்குள் கத்திக்கொண்டு ஓடினான். பெண்கள் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். ஓடைக்கரையில் தாகியைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் அழுதார்கள். 'ஒரே பனியில வெளுத்துச்சே, எப்பேர்ப்பட்ட புண்ணியவதி' என்றார்கள். போன வாரம் குழந்தையின் மூக்கை ஆராய்ந்த வாய்கள்தான் எல்லாம். கூராகூட வந்து தாகியின் கையைப் பிடித்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல சம்பந்தியம்மா, எம்மருமக தங்கம்னு?"

"சொன்னீங்க, சொன்னீங்க," என்றாள் தாகி. "கிணத்தடியில சொன்னது எங்காது வரைக்கும் வந்துச்சு."

ரியோ கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். தாகியின் முதுகிலிருந்து குழந்தையை அவிழ்த்தெடுத்து, அந்தக் குளிரிலேயே, அத்தனை பேருக்கு நடுவிலேயே மார்பைத் திறந்து வாயில் வைத்தாள். மினேவுக்கு உறிஞ்சத் தெம்பில்லை. ரியோ பீய்ச்சிவிட்டாள். ஒரு மிடறு இறங்கிற்று. இன்னொரு மிடறு. தாகி அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கூராவின் வீட்டில் சோற்று மாவுருண்டையும் சாராயமுமாக விருந்து நடந்தது. ஜிகாய் சாமி நடுவில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் ஒளியாக இருந்தது.

"பனி கொட்டிச்சே, அன்னைக்கு உச்சிப்பொழுது," என்றார். "தியானத்துல இருந்தேன். குளம் தெரிஞ்சுது. நடுவுல ஒரு வெள்ளைத் தாமரை பூத்துச்சு. அதுமேல ஷினோ. சிரிச்ச முகமா ஏறி வந்தா. எங்க அம்மா ஏறின அன்னைக்கும் இதேபோலத்தான் பாத்தேன். அதே பூ, அதே வெளிச்சம்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெண்களெல்லாம் கைகூப்பினார்கள். தாகியும் கூப்பினாள். கூப்பிய கையில் சாம்பல் காரம் தின்ற தோல் உரிந்திருந்தது.

அந்த உச்சிப்பொழுதில் அவள் தொட்டிக்குள் கையை முழங்கை வரை விட்டுக்கொண்டு மண்டியிட்டிருந்தாள். தாமரை எங்கே பூத்தது? ஒரு பிடி வைக்கோல் சாம்பலுக்குத் திறக்கிற நரகம் என்றால் அது என்ன நரகம்? அப்படித் திறக்கவில்லை என்றால் சாமி பார்த்தது என்ன? ஒன்றுமே பார்க்கவில்லை. ஷினோவையும் பார்க்கவில்லை; பாவம், தன் அம்மாவையும் பார்க்கவில்லை. ஏட்டில் படித்ததையும், ஆசைப்பட்டதையும் பார்த்திருக்கிறார். இவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். அதற்கு முன்னால் இருந்தவரும்.

அப்படியானால் குளம்?

தாகி எழுந்து வெளியே போய் விறகு அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நியாயமாகப் பார்த்தால் அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். மகள் எங்கேயும் மூழ்கிக் கிடக்கவில்லை. யாரும் அவளைக் குடிக்கச் சொல்லவில்லை. ஆனால் வந்தது சந்தோஷம் இல்லை. குளமே இல்லாமல், ஒரு குளத்தை நினைத்து நினைத்துப் பயந்து செத்தாளே என் பிள்ளை! பெற்ற குழந்தையைத் திரும்பிப் பார்க்கக்கூட அந்தப் பயம் விடவில்லையே! அதை அவள் காதில் ஊற்றியது யார்? சாமி ஊற்றினார், சரி. வீட்டுக்கு வந்து உப்பும் காரமும் சேர்த்து ஊற்றியது இந்த வாய்தானே? தாகி தன் வாயில் தானே அறைந்துகொண்டாள். உள்ளே ஷினோவின் பேரைச் சொல்லிச் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

பனி உருகி, நாற்று நட்டு, மாசுகேவுக்கு அடுத்த ஊரிலிருந்து பெண்ணும் வந்துவிட்டாள். மினேவுக்குக் கன்னம் உப்பியது. கீழ்ச் சமவெளியில் குசும்பாப் பூ பறிக்கிற காலம் வந்துவிட்டது என்று தாகிக்குக் காற்றிலேயே தெரிந்தது.

ரியோ வழக்கம்போல் காலையில் வந்து மினேயை மடியில் போட்டுக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அவள் முகம் சரியில்லை.

"பெரியம்மா, எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கு."

"அதுக்குள்ளயா?"

"அதான் பயமா இருக்கு. போன தடவையே ரத்தம் நிக்காம மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. இந்தத் தடவ பொழைக்க மாட்டேன்னு தோணுது. ராத்திரியெல்லாம் அந்தக் குளம்தான் கனவுல வருது. ஷினோ மாதிரி நான் புண்ணியவதி இல்லியே. வயசுப்புள்ளையா இருந்தப்போ ஓடையில மேல்பக்கமே தொவச்சிருக்கேன். யாருக்கும் தெரியாது."

தாகி வாசல் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை. ரியோவுக்கு அருகில் நகர்ந்து உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்தாள்.

"ரியோ, நான் சொல்றதக் கேளு. குளமெல்லாம் இல்லடி. அப்படி ஒண்ணே கெடையாது. நீ பயப்படவே வேணாம்."

ரியோ வெடுக்கென்று பார்த்தாள். அவள் உடம்பு விறைத்ததில் மினேயின் வாயிலிருந்து முலைக்காம்பு நழுவியது.

"என்ன பேச்சு பெரியம்மா இது?"

"நெசமாத்தான் சொல்றேன்."

"உங்களுக்கென்ன, பேசுவீங்க!" ரியோவின் குரல் உடைந்தது. "உங்க பொண்ணு கரையேறிட்டா. சாமி கண்ணால பாத்தாரு. ஊரே துணியப் பாத்துச்சு. ஏறினவளோட அம்மா, இல்லன்னு சொல்லலாம். உள்ள போகப்போறவ நான். எங்கிட்டயா வந்து இல்லன்னு சொல்றீங்க?"

தாகி வாயைத் திறந்தாள். சொல்வதற்கு ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. சாம்பல் தொட்டியைச் சொல்லவேண்டும். சொன்னால் ஒருவேளை ரியோ நம்புவாள். இல்லாவிட்டால் அலறிக்கொண்டு புருஷனிடம் ஓடுவாள். பொழுது சாயுமுன் ஊருக்கே தெரியும். ஷினோ மறுபடி உள்ளே போவாள். கூரா மறுபடி கிணற்றடிக்குப் போவாள். காம்பைத் தவறவிட்ட மினே கண்ணை மூடியபடியே வாயால் தேடிக்கொண்டிருந்தாள். பல் இன்னும் முளைக்கவில்லை.

"மொதல்ல புள்ளைக்கு வாயில குடு," என்றாள் தாகி.

ரியோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு குழந்தையைச் சேர்த்துப் பிடித்தாள். மினே மறுபடி கவ்விக்கொண்டாள்.

"அப்படி எதாவது ஆச்சுன்னா," என்றாள் ரியோ, தலையை நிமிர்த்தாமல், "எனக்குத் துணி நீங்கதான் பெரியம்மா கட்டணும். ஷினோவுக்குக் கட்டினது மாதிரி நல்லதா. தண்ணியும் நீங்க ஊத்தணும். உங்க கை ராசியான கை. ஊத்துவீங்கல்ல?"

தாகி அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். தன் முகத்தை அவள் பார்க்கக்கூடாது.

"பயப்படாத," என்றாள். "உன்ன நான் கரையேத்திடுறேன்டி, என் கண்ணு."